பதினோராவது கேள்வி

படிவத்தில் பதினோராவது கேள்வி:
ஏன் தத்தெடுக்க விரும்புகிறீர்கள்?
கீழே மூன்று கோடுகள்.
கோழிப்பண்ணைக் கடன் மனுவிலும்
இதே மூன்று கோடுகள்தான் விட்டிருந்தார்கள்.

நிபால்தோ பென்சிலைக் கடித்துக் கடித்து
முதலில் எழுதினான்:
"அடுப்பில் எப்போதும்
ஒரு கிழங்கு கூடுதலாகப் போய்விடுகிறது."
அழித்தேன்.
புவெர்த்தோ மோந்த்திலிருந்து வரும் அதிகாரிக்குக்
கிழங்கு புரியாது.

"குழந்தை இல்லை" என்று நான் எழுதினேன்.
உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல.
ஆஸ்பத்திரிக்கு அலைந்த ஆறு வருடத் துக்கம்
வீட்டில் ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்து
கம்பளி பின்னிக்கொண்டிருந்தது.
அதை எழுப்பிவிட்டு அங்கே
ஒரு பையனை உட்காரவைக்க எனக்கு மனமில்லை.
அவனுக்கு வேறு நாற்காலி.

அதையும் அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிற்று.

"என்ன இருந்தாலும் சொந்த ரத்தம் இல்லையே" என்றாள் எர்மினியா,
விறகு கடன் கேட்க வந்த இடத்தில்.
கோடாரியைத் துடைத்தபடி நிபால்தோ சொன்னான்:
"ஆற்றங்கரை அட்டைக்குள் ஓடுவதும்
என் சொந்த ரத்தம்தான்."
விறகு கொடுத்தான். கேட்டதைவிடக் கூடவே.

கடைசியில் என்ன எழுதினோம் என்று
இப்போது நினைவில்லை. ஏதோ நல்ல வார்த்தைகள்.
அன்பு என்று இரண்டு முறை.

சக்காவோ படகுத்துறையில் மழை.
யெர்கோ. ஆறு வயது. கையில் பிளாஸ்டிக் பை.
அதற்குள் ஒற்றைக் காலுறை, ஒரு புகைப்படம்:
ஒசோர்னோவில் எங்கோ இருக்கும் ஒருத்தி,
சின்னப் பெண்,
இவனுடைய அதே காது.

துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம்,
கீழே கறுத்த தண்ணீர்.
கையை நீட்டினேன்.
பார்த்தான். பிடிக்கவில்லை.
தத்தினான்.

கட்டிலுக்கடியில் ரொட்டி பதுக்கினான்.
எலி வந்தது.
பொறி வைக்கவில்லை;
ரொட்டிக்கு மூடி போட்ட டப்பா வாங்கினோம்.
நான்கு மாதம் என்னை "சென்யோரா" என்றே கூப்பிட்டான்.
ஒருநாள் பாலைக் கொட்டிவிட்டு,
யாரும் எதுவும் சொல்வதற்குள்
தானே செருப்பை மாட்டிக்கொண்டு
பையோடு போய்க் கதவருகே நின்றான்.

தரையைத் துடைத்தேன்.
சுத்தியல் எடுத்துவந்து
சுவரில் ஓர் ஆணி அடித்தேன்.
"எங்கே, அந்தப் படத்தைக் கொடு."
இன்றும் கொஞ்சம் சாய்ந்தே தொங்குகிறாள்,
உப்பு டப்பாவுக்கு மேலே.

நேற்றிரவு சாம்பலைக் கிளறிக்கொண்டே கேட்டான்:
"என்னை ஏன் எடுத்தீர்கள்?"
இதற்கு மூன்று கோடுகள்கூட இல்லை.
நிபால்தோ என்னைப் பார்த்தான்.
நான் மழையைப் பார்த்தேன்.
"படகில் நீதானே தாவினாய்," என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"ஆமாம்," என்றான்,
தன் மேல் விழுந்த புகாரை ஒப்புக்கொள்வதுபோல.

கிழங்குகளை உருட்டி வெளியே எடுத்தோம்.
விரல் வைத்து எண்ணினான்.
நான்கு.
"இது யாருக்கு?"

"தெரியாது," என்றான் நிபால்தோ.
"ஆறட்டும்."