பத்துக் கோடியில் பதினேழு

லுப்லியானாவில் நவம்பர். பனிமூட்டம்
ஆற்றுப் பாலத்தின் விளக்குகளை விழுங்கிவிட்டது.
நெவென்கா நேற்று மாலை
இன்னும் மூட்டப்படாத இணைவு உலைக்குள்ளிருந்து
பத்துக் கோடி நியூட்ரான்களை ஏவிவிட்டு
வீட்டுக்குப் போனாள்.

எல்லாம் எண்கள்தாம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பிடம், ஒரு திசை,
நொடிக்கு ஐம்பதாயிரம் கிலோமீட்டர் அவசரம்.
மோதும்போதெல்லாம் கணினி தாயம் உருட்டும்:
திரும்பு. மெலி. போரானுக்குள் போய்ச் சாவு.

காலையில் ஈரக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பார்க்கிறாள்.
சுவருக்கு அப்பால்
விரல்நகத்தில் பாதி அளவுள்ள வைர உணரியை
வந்து தொட்டவை பதினேழு.
பதினேழை வைத்து யாரிடம் என்ன சொல்வது?
நூற்றுக்கு இருபத்து நான்கு பிழை என்கிறது திரை,
மரியாதையாக.

ஒன்று மட்டும் சாகவும் இல்லை, சேரவும் இல்லை.
அவள் வரைந்த இரண்டு உருளைகளுக்கு நடுவே
தலைமுடி அகலத்துக்கு ஓர் இடுக்கு.
அங்கே இரும்பில்லை, காற்றில்லை,
வெற்றிடம் என்றுகூட எழுதி வைக்கவில்லை.
'துகள் தொலைந்தது' என்று ஒரு வரி.
திரிசங்குவுக்காவது
சொர்க்கம் கட்டித்தர ஒரு முனிவர் இருந்தார்.
இவள் இடுக்கை அடைக்கிறாள்.

பிறகு விதியைக் கொஞ்சம் வளைக்கிறாள்,
இந்தத் தொழிலில் அதற்கு அனுமதி உண்டு.
வைரத்தை நோக்கி வருவதை இரண்டாகப் பிளந்து
ஆளுக்குப் பாதி எடை தருகிறாள்.
முதுகு காட்டிப் போகிறவற்றுக்கு நாணயம் சுண்டுகிறாள்;
பிழைத்தது செத்ததின் எடையையும் சுமக்க வேண்டும்.
மொத்தக் கணக்கு தப்பாது.
அண்ணன் செத்தபோது
அவன் கடன் இவளிடம் வந்தது,
படகு வரவில்லை.

பதினோரு மணிக்கு யெர்னெய் போன் செய்கிறான்,
சோதனைக் கூடத்திலிருந்து. குரலில் தூசி.
சுவரைத் துளைத்து எடுத்த கான்கிரீட்டை
உலர்த்தி உலர்த்தி எடை பார்த்தானாம்.
"நீ போட்டிருப்பது புத்தகத்தில் இருக்கிற சுவர்.
இந்தச் சுவரில் தண்ணீர் இருக்கிறது, நெவென்கா."
"எவ்வளவு?"
"நூற்றுக்கு ஆறு."

தண்ணீர் என்றால் ஹைட்ரஜன்.
நியூட்ரானுக்குத் தன் எடைக்கு நிகராக
மோதக் கிடைக்கும் ஒரே ஆள்.
நாற்பது வருடத்துக்கு முன்
எவனோ ஒரு கொத்தன் கலவையில் கூட ஊற்றிய வாளி
ஒரு சூரியனின் அளவுகோலைத் திருத்துகிறது,
சூரியன் பற்றுவதற்கு முன்பே.

நாலை அழித்து ஆறு என்று அடிக்கிறாள்.
மறுபடி பத்துக் கோடி.
நாற்காலி முதுகில் கோட்டு
இன்னும் காயவில்லை.