வருத்தம்

ஓ.பி. சீட்டு எழுதுகிற ஜன்னல் என்னுடையது.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, காலை ஏழரை.
பேர், வயசு, ஊர், என்ன செய்யுது.
ஆளுக்கு அரை நிமிஷம்.

தம்பிராசா. எழுபத்தொன்று.
ஊர் என்றதும் சற்று நின்றார்,
எந்த ஊரைச் சொல்ல என்பதுபோல.
பிறகு, முகாம் என்றார்.
என்ன செய்யுது?
"மூண்டு மாசமா வருத்தம், தம்பி."

வருத்தம் என்றே எழுதினேன்.
வரிசை வேப்பமரத்தைத் தாண்டி நின்றது.
மனநலம், பதினேழாம் அறை,
நேரே போய் இடதுபக்கம்.

இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார்.
என்ன இழப்பு என்று டாக்டர் கேட்க
மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்:
ஒரு வள்ளம், ஒரு நல்லதண்ணிக் கிணறு,
தம்பிமார் இரண்டு பேர்.

ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்.
"குளிசை தந்தவை. நித்திரைக்காம்.
நித்திரை எனக்கு நல்லா வருது, தம்பி.
படி ஏறத்தான் ஏலாது."

அந்த வழியாகப் போன ஜெபக்கனி சிஸ்டர் நின்றாள்.
நாங்குநேரிக்காரி.
"ஐயாவுக்கு மேலுக்கு முடியலையா?"
"மேலுக்கு இல்லைப் பிள்ளை. உள்ளுக்கு."
நெஞ்சில் கை வைத்தார்.

எங்களுக்கு மேல் என்றால் உடம்பு.
அவருக்கு வருத்தம் என்றால் நோய்.
சிஸ்டர் சிரித்துவிட்டாள்.
சிரித்துக்கொண்டே குனிந்து
அவர் கணுக்காலை ஒரு விரலால் அமுக்கினாள்.
விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது.
சிரிப்பு நின்றது.

மூணு மாசம் என்ன செஞ்சீங்க?
கொத்தமல்லி அவிச்சுக் குடித்தாராம்.
இஞ்சி போட்டு, பிறகு போடாமல்.
பிலிம் டப்பாவில் மிச்சமிருந்த
கோணேசர் திருநீற்றை நெஞ்சில் பூசினாராம்.
"வந்த இடத்தில வருத்தமெண்டு படுத்தா
பாரமெண்டு நினைப்பினம்."
வந்து எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
முப்பத்தினாலு.

சேர்த்தாக வேண்டும் என்றாள் சிஸ்டர்.
சனிக்கிழமை முகாமில் பேர் கூப்பிடுவார்கள்,
அதற்குள் விடுவீங்களோ என்றார்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
எனக்கென்ன தெரியும்,
நான் சீட்டு எழுதுகிறவன்.

புதுச் சீட்டு எழுதினேன்:
மூச்சு முட்டு, கால் வீக்கம், அவசரம்.
பழையதைக் கொடுங்க, கிழிச்சுப் போடுதேன் என்று
கை நீட்டினேன்.

அவர் அதை நாலாக மடித்தார்.
சட்டைப் பையில், அடையாள அட்டைக்குப் பின்னால்
வைத்துக்கொண்டார்.
"இதும் பிழை இல்லைத் தம்பி.
கிடக்கட்டும்."

சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம்
வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டே போனது.

அடுத்த ஆள்.
சுத்தமல்லி. பல்வலி.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.