மெய்யெழுத்து

சந்தியாப்பிள்ளையின் சப்பாத்துகள்
நிலக்கரித் துறையின் விளிம்பில்
கோவிலுக்குள் போனவனுடையவை போலச் சோடியாய் இருந்தன.
கயிறு அவிழ்க்கப்படவில்லை.
விசாரணையில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
நானும்தான்.
கேள்வி என் வேலை இல்லை.
நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன்,
கறுப்புக் கோட்டுக்குள் இரவல் தொண்டை.

நாற்பத்தேழு, வைகாசி. கச்சான் தொடங்கியிருந்தது.
யுத்தக் கப்பல்கள் போனபின் துறைமுகத்தில்
சனிக்கிழமைதோறும் ஆட்குறைப்பு.
கோட்டை வாசலில் இரவில் ஒட்டும் துண்டுப் பிரசுரங்களை
விடியுமுன் மான்கள் பசைக்காகத் தின்றுவிடும்.
"எட்டு மணி நேர வேலை" வரையும் தின்றுவிட்டு
"வேண்டும்" என்பதை மட்டும்
சுவரில் விட்டுப்போன நாளும் உண்டு.

செத்தவன் டைம்கீப்பர்.
கைலேஞ்சியில் முடிந்திருந்தன பித்தளை வில்லைகள்,
வாசலில் கொடுத்து உள்ளே போகிற, எண் அடித்த வில்லைகள்.
இரவுக் கூட்டத்துக்குப் போனவர்களின் எண்கள் என்று
வெளியே வேப்பமரத்தடியில் பேச்சு.
சார்ஜனின் குறிப்பில் ஏழு.
மேசையில் ஆறு.
"வாசியும்" என்றார் கொழும்பிலிருந்து வந்த நீதவான்.
ஆறு எண்களையும் உரக்க வாசித்தேன்.
418 என் கோட்டின் உட்பையில்
விலாவோடு ஒட்டிச் சுட்டுக்கொண்டிருந்தது.

சாட்சி, கிண்ணியா உதுமாலெவ்வை.
அன்றிரவு துறைக்குக் கீழே வள்ளம் கட்டி
இறால் தூண்டில் போட்டிருந்தவர்.
தொப்பியைக் கையில் சுருட்டியபடி சொன்னார்:
"விழுத்தின சத்தம் கேட்டிச்சு ஐயா."

விழுத்தின.

ஆங்கிலத்தில் நான்
விழுந்த சத்தம் என்றேன்.
ந் இருந்தால் விபத்து, த் இருந்தால் கொலை.
இரண்டும் மெய்யெழுத்துத்தான்.
ஒரு மூச்சுத்தான் வித்தியாசம், மூக்கால் விடுகிற மூச்சு.
பேனா ஓடியது. கோப்பு மூடியது.
தற்செயலான மரணம்,
சிவப்பு நாடா, தேநீர்.

ஆறு நாள் கழித்து, சவரம் செய்யும்போது, உறைத்தது:
கட்டிய கயிற்றோடு
எவன் தன் சப்பாத்தைக் கழற்றுவான்?
பிறகு யாரோ கழற்றி அடுக்கி வைத்திருக்கவேண்டும்.
நாடியில் ரத்தம் கசிந்தது. துடைக்கவில்லை.

அந்த ஞாயிறு பாதையில் கடக்கும்போது
உதுமாலெவ்வை பக்கத்தில் வந்து நின்றார்.
இங்கிலீசு தெரியாது அவருக்கு.
"நான் சொன்னது நீளம்," என்றார் தண்ணீரைப் பார்த்து,
"தொரை எழுதினது கட்டை."
கொஞ்ச நேரம் கழித்து,
"கட்டையாவே இருக்கட்டும்.
அந்த ஆளுட புத்தகத்துல என்ட மகன்ட பேரும் இருந்திச்சாம்."
பாதைக் காசை எனக்கும் அவரே கொடுத்தார்.
அந்தக் காசை வாங்கியிருக்கக்கூடாது.

அன்றிரவு மச்சான் நாகமணி வந்தான்,
என் தங்கையின் புருசன். 418.
"வில்லை துலைஞ்சிட்டுது" என்றான்.
உட்பைக்குப் போன கை பாதியில் நின்றது.
"புதுசு கேளன்."
"தேவையில்லை. நாளையில இருந்து ஒருத்தரும்
அந்தக் கேற்றால உள்ளுக்குப் போறேல்லை."
உப்புவெளிப் பக்கம் எங்கேயோ பறை அடித்தது,
சாவா கூட்டமா தெரியவில்லை.

எங்கே துலைத்தாய் என்று நான் கேட்கவில்லை.
யார் எடுத்தது என்று அவனும் கேட்கவில்லை.
சோறு போட்டிருக்கு என்று தங்கை கூப்பிட்டாள்.

டொக்யாட் கொடுத்த சப்பாத்தோடு வாசலில் நின்றவன்
குனியவில்லை.
இடது குதியை வலது நுனியால் மிதித்து,
வலது குதியை வெறுங்காலால் தள்ளி,
கட்டிய கயிறு கட்டியபடியே இருக்க
இரண்டையும் கழற்றினான்.
பிறகு காலாலேயே
சோடியாய் ஒதுக்கி வைத்தான்.

ஆக, அப்படியும் கழற்றலாம்.
யாரும் கழற்றலாம்.
செத்தவன்கூட, சாகமுதல்.

விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.