இடப்பக்கம் மட்டும்

செவ்வாய்க்கிழமை வேலி போட்டுவிட்டார்கள்.
எங்கள் ஓடுபாதையின் குறுக்கே,
மூன்றாம் வளைவை முழுசாக விழுங்கிக்கொண்டு
பச்சைத் தகரம்.
அந்தப் பக்கம் கிடங்கு வருகிறதாம்.
இந்தப் பக்கம் என்ன வரும் என்று
தகரத்திடம் கேட்க முடியாது.
அலுவலகத்துக்கு அடித்தால்
அதிகாரி விடுப்பில் இருக்கிறார்.
அவர் எப்போதும் விடுப்பில்தான் இருக்கிறார்.

மிச்சம் இருப்பது அரை வட்டம்.
'இப்பத்தான் நம்ம பிறை, பிறையா ஆச்சு'
என்றான் லோகேந்திரன்.
'வளர்பிறையா தேய்பிறையா?'
ஸ்பேனரைத் துடைத்தபடி அமல்ராஜ்.
ரிட்ஸுவானுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
மலாயில் சிரிப்பு வரவில்லை.
யோசித்துப் பார்த்தால் தமிழிலும் இல்லை.

நான் ஓட்டுகிறவள் அல்ல.
இரவு ஷிப்ட் முடித்து
சில்லுத் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி
கணக்குப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறவள்.
டயர், மெத்தனால், அம்புலன்ஸ் வாடகை,
நாசி லெமாக் பதினான்கு பொட்டலம்.
கையிருப்பு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு.
அதில் இருநூறு டயர்க்கடை ஆ செங்குடையது.
அவர் கேட்கவில்லை.
கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

எண்ணெய்க் கம்பெனியில் புது மேனேஜர்.
அடுத்த பருவத்துக்குப் பணம் உண்டா என்றால்
'தெங்கொக் டுலு' என்கிறார்.
பார்க்கலாம்.
பெண் பார்க்க வந்தவர்கள்
பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சொல்வார்களே,
அந்தப் பார்க்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
இந்த வண்டிகளுக்கு பிரேக் கிடையாது.
ஒரே கியர்.
வலப்பக்கம் திரும்பும் வேலையே இவற்றுக்கு இல்லை.
இடது காலில் இரும்புத் தகடு மாட்டி
மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஷாமினி வருவாள்.
பின்சக்கரம் முன்சக்கரத்தை முந்தப் பார்க்கும்
அந்த நொடியில்
கைப்பிடியை வலப்பக்கம் ஒடிப்பாள்,
வண்டி இடப்பக்கம் போகும்.
முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
இரண்டாம் தடவை மூட முடியவில்லை,
நேரம் குறிக்க ஆளில்லை என்று
கடிகாரத்தைக் கையில் திணித்துவிட்டார்கள்.

ஷாமினிக்கு ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது.
அவள் சொல்லவில்லை.
அவள் அம்மா மீன் சந்தையில் சொன்னார்,
கெண்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே.

வெள்ளிக்குள் பாரம் போக வேண்டும்.
அணியின் பெயர். எழுதினேன்.
ஓட்டுநர்கள். பென்சிலில் எழுதினேன்.
சொந்த ஓடுபாதை.
அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
அரைப் பாதைக்கு அரைப் பெயர் எழுதலாமா?

சனி காலை நான் வந்தபோது
யாரையும் கேட்காமல் அவள் பழைய எண்ணெய் டின்களை
வேலிக்கு இப்பால் வட்டமாக அடுக்கியிருந்தாள்.
சின்ன வட்டம். சிக்கனமான வட்டம்.
ஒரு வண்டிக்கே நெருக்கடி.
வண்டியைத் தள்ளிக் கிளப்பினான் லோகேந்திரன்.
சுற்றினாள்.
ஒவ்வொரு சுற்றிலும் ஈரமண் எழும்பி
புதுத் தகரத்தில் படபடவென்று விழுந்தது.

ஒன்பது புள்ளி எட்டு விநாடி.
நல்ல நேரமா, மோசமா?
இந்த வட்டத்தை இதுவரை யாரும் சுற்றியதில்லை.
ஒப்பிட ஒன்றுமில்லாத எண்ணை
புதுப் பக்கத்தில் எழுதினேன்.

சத்தம் கேட்டு, அந்தப் பக்கத்து நேபாளிக் காவல்காரர்
தகரத்துக்கு மேலே தலையை நீட்டினார்.
கன்னத்தில் மண்.
விரலை உயர்த்தி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.
திரும்பிப் போ என்றாரா,
இன்னொரு சுற்று என்றாரா,
எங்களுக்குள் சண்டை இன்னும் தீரவில்லை.

ஷாமினி அதற்குள் கிளம்பிவிட்டாள்.
மெத்தனால் அரை டின் இருந்தது.