முப்பத்தொராம் கிழமை

கிளினிக் கொப்பியில்
பழைய பிள்ளைப்பேற்றுக்கு ஒரு கட்டம்.
மிஸ்ஸி எழுதினாள்:
முப்பத்தொரு கிழமை. ஒன்றேகால் கிலோ.
பிறகு சிவப்புப் பேனை தேடி
வட்டம் போட்டாள்.

“ஒருக்கா முந்தினா மறுகாவும் முந்தப் பாக்கும்.
பாக்கும் எண்டுதான் சொன்னன், புள்ள.
முந்தும் எண்டு சொல்லல்ல.”

அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான்
இத்தனை மாதமும் குடியிருக்கிறேன்.

கிருத்திக்ஷா வந்த இரவு
குருமண்வெளிப் பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது.
வெல்லாவெளி சுற்றி ஓட்டோ.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிரோஜிதன்
“மன்னிச்சுக்கொள்” என்றான்,
ரோட்டைத் தோண்டியவன் தான்தான் என்பதுபோல.
மட்டக்களப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள்
அவள் காது, நனைந்த கடதாசி.
பாலை மில்லிலீற்றரில் எண்ணினோம்.

இம்முறை
இரவில் ஒரு மாத்திரை. விழுங்குவதல்ல, வைப்பது.
ஸ்கேன் பார்த்த டொக்டர்
கருப்பை வாசலின் நீளம் இருபத்தெட்டு என்றார்.
மில்லிமீற்றர்.
வீட்டுக்கு வந்து அடிமட்டம் எடுத்து அளந்தேன்:
சுண்டுவிரலில் இரண்டு கணுவும் வராது.
அவ்வளவு கதவுதான்
உனக்கும் உலகத்துக்கும் நடுவில்.

இருபத்தொன்பதிலேயே
திரிபோஷா, கொப்பி, துணிப்பை, மூத்தவள்,
எல்லாவற்றோடும் பகல் பாதையேறி
படுவான்கரை விட்டு எழுவான்கரை வந்துவிட்டேன்.
மாமிக்கு முகம் கறுத்தது, வெட்டுக்காலம்.
மைத்துனி வீட்டிலிருந்து
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி ஏழு நிமிட நடை.
ஓடினால்?
ஓடக்கூடாதாம்.

வயிறு இறுகும் ஒவ்வொரு தடவையும்
மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.
கக்கூசுக்குப் போனால் முதலில் துணியை.
வெள்ளை.
திரும்பவும் வெள்ளை.
நீ உதைத்தால் சிரிக்கத்தான் வேண்டும்;
சிரிக்கிறேன்,
உடனே “பொறு” என்றும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாயோடு முப்பத்தொன்று முடிந்தது.
யாரும் வெடி கொளுத்தவில்லை.
புதன் காலை கொடியில் துணி காயப்போட்டேன்.
கட்டிவைத்த பை கதவோரம் அப்படியே.

மூத்தவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு
சோற்றுக் கோப்பையோடு குந்தியிருக்கிறாள்.
அத்தனை அவசரமாய் வந்தவளுக்கு
நாலு வயதில்
ஒரு கவளத்துக்குப் பத்து நிமிடம்.
‘கெதியாத் தின்’ என்று வாய்வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

இந்த வீட்டில் இப்போதைக்கு
அந்தச் சொல் வேண்டாம்.