மூன்றாம் சரணம்

முட்டை வேகவைக்க அவர் கடிகாரம் பார்த்ததில்லை.
தண்ணீர் கொதித்ததும் ஒரு கீர்த்தனை தொடங்கும்.
பல்லவி, மூன்று சரணம், ஆமென்.
இறக்கி உடைத்தால்
மஞ்சள்கரு பக்குவமாய் இறுகியிருக்கும்.
இழுத்துப் பாடிய நாளிலும்
கோபத்தில் ஓட்டமாய்ப் பாடிய நாளிலும்
அதே இறுக்கம்.
எப்படியென்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

என் மாமியார் பெயர் எப்சிபா.
பசுமலையில் ஒரு பள்ளி விடுதியில்
முப்பத்தொரு வருஷம் சமையல்.
இருநூறு பிள்ளைகளுக்கு அள்ளிய கை
ஐந்து பேருக்கு அள்ளக் கற்கவே இல்லை.
வேலை ஓய்ந்த பிறகும்
எங்கள் வீட்டுச் சாம்பார் தெருமுனை வரை போனது.

நான் மேலூர்க்காரி, சொர்ணவல்லி.
நெற்றியில் விபூதியோடு படியேறிய அன்று
"இருக்கட்டும்" என்றார்.
பிறகு பத்தொன்பது வருஷம்
அந்த வார்த்தையை வீட்டில் யாரும் கேட்கவில்லை.
ஞாயிறு தவறாமல் ஒரு கேள்வி:
"இன்னைக்காவது கோயிலுக்கு வாறியா?"
"எந்தக் கோயிலுக்கு அத்தே?" என்பேன்.
குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்,
வெயிலோ மழையோ இல்லாத காலையிலும்.

சித்திரையில் என் அம்மா கொண்டுவரும்
சர்க்கரைப் பொங்கலைத் தொடமாட்டார்.
ஆனால் தூக்குவாளியை
ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்து
ராத்திரி ஞாபகப்படுத்துவார்:
"ஒங்கம்மா குடுத்தது. ஊசிப்போறதுக்குள்ள தின்னு."

மகளுக்குப் பெயர் வைக்கும்போது
நாற்பது நாள் பேச்சு இல்லை.
நடுவில் நின்ற ஆல்வின்
இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது.
தைலம் தேய்த்துவிட
அடுப்படியில் இருந்து நானும்
அறையில் இருந்து அவரும்
ஒரே நேரத்தில் எழுந்துவந்தோம்.
அப்போதும் பேசவில்லை.

கடைசி மூன்று வருஷம்
செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.
பழங்காநத்தத்தில் பஸ் மாறி
பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன்.
இரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும் நாலு மணிநேரமும்
பக்கத்துக் கட்டில்காரர்களின் பெயரை
ஒவ்வொன்றாய்க் கேட்டு வாங்குவார்.
எதற்கென்று நான் கேட்டதில்லை.
எனக்கு எப்போதும் கண் அசந்துவிடும்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து
பீரோவைத் திறந்தோம்.
துணிக்கு அடியில், சிவப்பு அட்டை போட்ட
விடுதிச் சரக்குப் பதிவேடு.
அரிசிக்கும் பருப்பிற்கும் கோடு போட்ட பக்கங்களில்
பென்சிலால் ஆட்கள்.
பெயர். வேண்டியது. வந்தது. இருப்பு.

காதர் பாய் – மகனுக்கு வேலை – வந்தது.
கட்டில் எட்டு, முத்திருளாயி – தூக்கம் – பாதி வந்தது.
ஆல்வின் – கடன் அடைய – நிலுவை.
ஒவ்வொரு பக்கத்திலும் நான்.
சொர்ணம் – கோயிலுக்கு வர – நிலுவை.
நிலுவை. நிலுவை. நிலுவை.
பெயர் வைத்த சண்டைக் காலத்தில் மட்டும்
கோட்டுக்கு வெளியே ஒரு வரி:
"இன்றும் பேசவில்லை. நானும்தான்."

கடைசிப் பக்கத்தில் எழுத்து நடுங்கியிருந்தது.
கோயிலுக்கு வர என்பதை அடித்துவிட்டு
மேலே எழுதியிருந்தார்:
சொர்ணம் – பஸ்ஸில் உட்கார இடம்.
வந்தது.

எனக்கு அழுகை வரவில்லை.
இத்தனை வருஷம் அந்தப் பஸ்ஸில்
யாராவது எழுந்து இடம் கொடுத்ததை
என் முகராசி என்று நினைத்திருந்தேன்.

நான் இன்னும் அவர் கோயிலுக்குப் போவதில்லை.
விபூதியும் அப்படியே.
காலையில் மகள் டியூஷனுக்குக் கிளம்பும்முன்
தண்ணீர் கொதித்ததும் பாடுகிறேன்.
பல்லவி வரும்.
இரண்டு சரணம் தட்டுத்தடுமாறி வரும்.
மூன்றாவது எனக்குத் தெரியாது.
அதைப் பாடும்போதுதான் அவர்
அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்,
வார்த்தை ஆவியோடு போய்விடும்.

இரண்டாவதையே
இரண்டு தடவை பாடி இறக்குகிறேன்.
"நடுவுல கொழகொழன்னு இருக்கும்மா" என்கிறாள் மகள்.
தின்னு, என்கிறேன்.
நிலுவை.