முன்பணம்

திங்கள் காலை பத்து மணிக்கு வெர்ன் ஹட்சாக் வருவார்,
வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சாவியை வாங்கிக்கொள்ள.
என் எண்ணூறு டாலர் அவரிடம்.
என்னிடம், சமையல் மேடையில் தீய்ந்த ஒரு வட்டம்,
நான்கு வருடமாக டோஸ்டரை அதன் மேல் உட்காரவைத்து
மறைத்து வந்தது.

தண்டர் பேயில் நவம்பர் பாதியிலேயே
ஏரிப் பக்கமிருந்து பனி கிளம்பிவிடும்.
வண்டிக் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக்
கடை மூடக் கால்மணி இருக்கையில் போய் நின்றேன்.
கல்லாவில் டெல்ஃபீன். ஆணி, பசை, பூட்டு எல்லாம் அவளுக்கு அத்துப்படி.
"உப்புத்தாள் மட்டும் தொடாதே" என்றாள்.
"அது மரமில்லை. மரத்தைப் பிடித்த படம்.
அடியில் வெறும் பழுப்புக் காகிதம்.
தேய்த்தால் கறை போகாது, படம்தான் போகும்."

எட்டு வருடம் அந்த இழைகளின் மேல் வெங்காயம் நறுக்கியவள் நான்.
ஒரே முடிச்சு, அதே கண், அதே சுழி,
மூன்றடிக்கு ஒருமுறை திரும்பி வருவதை
அன்று இரவுதான் பார்த்தேன்.

முதலில் சோடா மாவைக் குழைத்து அப்பினேன்.
பீட்ரூட் போனது.
தேநீர்க் கோப்பைகளின் பழைய வளையங்கள் போயின.
ரொட்டிப் பையின் நீல மை,
தலைகீழாகப் பதிந்த ஒரு விலை,
இரண்டு டாலர் நாற்பத்தொன்பது,
அது கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது.

வட்டம் அசையவில்லை.
அன்று கோர்டி சுரங்க முகாமிலிருந்து கூப்பிட்டு
இந்த மாதமும் வரவில்லை என்றான், பிறகு
வரப்போவதே இல்லை என்றான்.
வறுவல் சட்டி என் கையில் இருந்தது.
பிறகு இல்லை.
எங்கே வைத்தேன் என்பதைப் புகைமணிதான் சொன்னது.

கருகியதைக் கத்தி முனையால் கெல்லி எடுத்தேன்.
சுற்றிலும் நாடா ஒட்டி,
நிறம் பார்த்துக் குழைத்த பசையை
மெல்லிய பூச்சாக, காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சாக.
இல்லாத இழையைப் பல்குத்தியால் வரைந்தேன்.
ஒரு முடிச்சும் போட்டேன்,
மூன்றடிக் கணக்கில் வராத முடிச்சு.

தொட்டியோரம் விளிம்புப் பட்டை உதடு பிரிந்து கிடந்தது.
உள்ளே மரத்தூள் பலகை தண்ணீர் குடித்துப் பருத்திருந்தது.
அதற்கு மருந்தில்லை.
பட்டைக்கு இருந்தது. பசை டப்பாவில் எழுதியிருந்தார்கள்:
இரண்டு பக்கமும் பூசவும்.
உடனே சேர்க்க வேண்டாம்.
விரலில் ஒட்டாத அளவு தனித்தனியே உலரட்டும்.
பிறகு ஒரே தடவை. நகர்த்த முடியாது.
ஈரத்தோடு சேர்ந்தவர்கள் நானும் கோர்டியும்.
சிரித்துவிட்டேன், காலி வீட்டில்,
எதிரொலித்தது.

கட்டி முடித்த பெட்டியைக் கிழித்து உருட்டுக்கட்டையை எடுத்துப்
பட்டையை அழுத்தி ஓட்டினேன்.
மெழுகு பூசித் துடைத்தபோது மணி ஒன்று.
விளக்கின் குமிழ் மேடைக்குள் தெரிந்தது.

வெர்ன் சரியாகப் பத்துக்கு வந்தார்.
அடுப்புக்குள் தலையை விட்டார்.
குளிர்பெட்டிக் கதவின் ரப்பரை இழுத்துப் பார்த்தார்.
ஜன்னல் வலைகளை எண்ணினார், இரண்டு முறை.
மேடையைப் பார்க்கவே இல்லை.
காசோலை எழுதக் கை வேண்டுமென்று
ஆவி பறக்கும் காப்பிக் குவளையை
நேராக அந்த இடத்தில் வைத்தார்.

"எடுங்க!"

கத்தியது நான்தான்.
இருபத்துநாலு மணி நேரம் சூடு படக்கூடாது அது,
ஒன்பது மணி நேரம்தான் ஆகியிருந்தது.
அவர் குவளையைத் தூக்கிக்கொண்டு நின்றார், திருடன்போல.
என் சட்டைக் கையால் ஈரத்தை ஒற்றி எடுத்தேன்.
குனிந்து பார்த்தேன். முடிச்சு இருந்தது.
"இனி இது உன்னுடையது இல்லையே, டோரீன்" என்றார் மெதுவாக.
"தெரியும்" என்றேன். துடைத்துக்கொண்டே.

எண்ணூறும் வந்தது.
வண்டி வரை போய்த் திரும்பி வந்து
என் கார்க் தட்டை மேடையில் வைத்துவிட்டுப் போனேன்.
வருகிறவர் யாரோ,
எதைக் கையில் பிடித்திருக்கும்போது மணி அடிக்குமோ.

டோஸ்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்து
பெல்ட் போட்டேன்.
நான்கு வருடம் வாய் திறக்கவில்லை அது.
வளைவில் திரும்பியபோது மட்டும்
கொஞ்சம் ரொட்டித்தூள் உதிர்ந்தது.